அது முடியே இல்லை

அந்த வீட்டில் ஒரு சொல் காணாமல் போய் மாதக்கணக்காகிறது. சொல்லாதே என்று யாரும் சட்டம் போடவில்லை. அவரவராகவே அதை வாயிலிருந்து இறக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். அந்தச் சொல் 'முடி'.

தலையில் இருக்கிறதை மட்டும் சொல்லாமல் இருப்பதென்றால் எப்படியோ சமாளித்துவிடலாம். ஆனால் நம்ம பாஷை லேசில் விடுகிற பாஷையா? எதைத் தொடங்கினாலும் கடைசியில் அந்தச் சொல்லில்தான் கொண்டுபோய் நிறுத்தும். வீட்டுக்காரர் வயரிங் வேலை பார்ப்பவர். சாயங்காலம் பையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டே, "இன்னைக்கு வேலை மு..." என்று ஆரம்பித்து, அப்படியே மென்று விழுங்கி, "தீந்துடுச்சு" என்பார். போனில் யாராவது, நாளைக்கே வர முடியுமா என்று கேட்டால், "நாளைக்கு இயலாதுங்க" என்று செய்தி வாசிக்கிறவர் மாதிரி பதில் சொல்வார். எதிர்முனையில் இருப்பவருக்கு, இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று தோன்றியிருக்கும். பள்ளிக்கூடம் போகும் மகளுக்கும் பரீட்சையெல்லாம் 'ஆயிடுச்சு', படமெல்லாம் 'விட்டாச்சு'.

இவர்கள் இத்தனை பாடுபட்டது அவர் மனைவிக்காகத்தான். ஆனால் அவர்கள் சொல்லாமல் விழுங்கிய ஒவ்வொரு முடியும் அவள் காதில் 'டொக்' என்று விழுந்தது. சொல்லித் தொலைத்திருந்தால்கூட இவ்வளவு கேட்டிருக்காது.

வேலை பார்க்கும் இடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ரொட்டியும் பன்னும் செய்கிற ஃபாக்டரி அது. அவளுக்குப் பாக்கெட் போடும் வேலை. அடுப்பிலிருந்து வந்து ஆறின பன்களைக் கவரில் போட்டு, கவரின் வாயைச் சூட்டுக் கம்பிக்கு நடுவே கொடுத்து ஒட்டி, தள்ளிவிட வேண்டும். கை வேலை செய்யும், வாய்க்கு வேலை இல்லை. அதனால் வாய்க்கும் தானே ஒரு வேலை கொடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் நடந்தது, பக்கத்து வீட்டில் நடக்கவிருப்பது, வீட்டுக்காரர் ஃபேனைத் தலைகீழாக மாட்டியது என்று நாள் முழுக்க ஒலிபரப்பு. "அந்த ரேடியோவை யாராவது கொஞ்சம் அணைங்களேன்" என்று மேஜைக்கு மேஜை கெஞ்சுவார்கள். அணைக்கத்தான் ஆளில்லை.

அது தானாக அணைந்தது.

முதலில் பார்த்தது மகள். பின்னால் நின்று தலை வாரிவிடுகிறேன் பேர்வழி என்று விளையாடிக்கொண்டிருந்தவள், "அம்மா, இங்க ஒரு வட்டம் இருக்கு, வழவழன்னு இருக்கு" என்றாள். காதுக்குப் பின்னால், ஒரு காசு அளவு. வலியில்லை, அரிப்பில்லை. அடுத்த வாரம் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் கிட்ட வந்து பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் போனாள்.

"அண்ணி, இது புழுவெட்டு. புழு வேரைத் தின்னுடும். சீப்பு, தலகாணி எல்லாத்தையும் தனியா வையுங்க. குழந்தை இருக்கிற வீடு."

நல்லதுக்குத்தான் சொன்னாள், பாவி. ஆனால் அன்றையிலிருந்து ரேடியோவுக்குத் தலையில் ஏதோ ஊர்கிற மாதிரியே இருந்தது. மகள் மடியில் வந்து சாய்ந்தால் தள்ளி உட்கார்ந்தாள்.

தோல் டாக்டரிடம் போய் முதலில் கேட்ட கேள்வியே, "புழு எங்க இருக்கு டாக்டர்?" என்பதுதான். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இந்தப் பேரை வெச்சவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா இருக்கு அவனுக்கு. புழுவும் இல்ல, பூச்சியும் இல்லம்மா. உங்க உடம்புல காவலுக்கு இருக்கிற ஆளுங்க, சொந்த வீட்டு ஆளையே திருடன்னு நெனச்சு அடிச்சுத் துரத்துறாங்க. அவ்வளவுதான். யாருக்கும் ஒட்டாது. மருந்து தர்றேன். திரும்ப வளரலாம். வளராமலும் போகலாம். பொய் சொல்ல மாட்டேன்."

வளரவில்லை. களிம்பு, ஊசி, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. கொஞ்சம் பூனைமயிர் மாதிரி எட்டிப் பார்க்கும், இவள் கண்ணாடி முன்னால் நின்று சந்தோஷப்படுவதற்குள் அதுவும் போய்விடும். வட்டங்கள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டன. கடைசியில் நெற்றியோரம் கொஞ்சம், பிடரியில் ஒரு கொத்து, மிச்சமெல்லாம் வெறும் தலை. வீட்டுக்காரர் எங்கெங்கோ விசாரித்து ஒரு விக் வாங்கி வந்தார். தோள் வரைக்கும் தொங்கும் கறுப்பு விக். அதற்கும் வீட்டில் பெயர் கிடையாது. 'அது' என்பார்கள். "அதை எடுத்து வெச்சுட்டியா?" "அது மேல தண்ணி படப்போகுது." ராத்திரியில் அது ஒரு சொம்பின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும்.

ஃபாக்டரியில் எல்லோரும் தலையில் வெள்ளை வலைத்தொப்பி போட்டுக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். தலையே தெரியாத இடத்துக்கு எதற்கு விக் என்று கேட்கலாம். கேட்பவர்களுக்கு அந்த உடை மாற்றும் அறையைத் தெரியாது. தொப்பி மெல்லிய வலை, உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும். தவிர, அத்தனை பெண்களும் ஒரே கண்ணாடி முன்னால் நின்று, வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு, கொண்டை போட்டு, தொப்பியை இழுத்து மாட்டுவார்கள். அங்கே ஒரு மொட்டைத் தலை நுழைந்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அது மாவு புழங்குகிற இடம். புழு என்ற சொல் அங்கே கெட்ட வார்த்தை. ஒரு தடவை மாவு பிசைகிற இடத்தில் எவனோ விளையாட்டுக்கு, "மூட்டையில புழு நெளியுதுடா" என்று சொல்லிவிட்டான். சூப்பர்வைசரம்மா காதில் விழுந்தது. அந்தம்மாவுக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் சல்லடை. எதையும் சலிக்காமல் விடமாட்டாள். அன்றைக்கு இருந்த மூட்டை அத்தனையையும் பிரித்துச் சலிக்க வைத்துவிட்டாள். பேச்சுக்குச் சொன்ன புழுவுக்கே அந்தக் கதி. தலையில் புழுவெட்டு என்று பெயருள்ள ஒன்றை வைத்துக்கொண்டு பன் பாக்கெட் போடுகிற பெண்ணை விட்டுவைப்பாளா? டாக்டர் சொன்னதையெல்லாம் அந்தப் பெயருக்கு முன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

அதனால் பயந்தாள். காலையில் கண் திறந்ததிலிருந்து பயந்தாள். எல்லோருக்கும் முன்னால் போய், ஆள் வருவதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டாள். குனிந்தால் பயம், யாராவது தோளில் கை வைத்தால் பயம், மின்விசிறிக்குக் கீழே நடக்கப் பயம். அடுப்புச் சூட்டில் அதற்கு உள்ளே தலை வெந்தது. வேர்வை கழுத்தில் இறங்கும், துடைக்கக் கை போகாது. வாயைத் திறந்தால் பேச்சு எங்கே போய் நிற்குமோ என்று வாயையும் மூடிக்கொண்டாள்.

"என்னக்கா, ஸ்டேஷன் எடுக்க மாட்டேங்குது?" என்று பக்கத்தில் நிற்பவள் கேட்பாள்.

அவளுக்கு ஜடை என்று பெயர். வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே போகும். அதைச் சுருட்டித் தொப்பிக்குள் அடைத்தால் தலைக்குப் பின்னால் இன்னொரு பன் இருக்கிற மாதிரி இருக்கும். வயதில் சின்னவள். புருஷன் கையை நீட்டுகிறவன் என்று விட்டுவிட்டு வந்து, தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வாடகை இந்தச் சம்பளத்தில்தான். வேலை போனால் திரும்ப அவன் வாசலில் போய்த்தான் நிற்கவேண்டும், வேறு போக்கிடம் கிடையாது. இதெல்லாம் ரேடியோவுக்கு மட்டும் தெரியும். ரேடியோ ஓடிக்கொண்டிருந்த காலத்தில்கூட இந்தச் செய்தியை ஒலிபரப்பியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மத்தியானம் சல்லடை எல்லோரையும் மேஜையை விட்டு வரச் சொன்னாள். கையில் ஒரு சின்ன கவர். அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்னன்னு தெரியுதா?"

தெரிந்தது. கறுப்பாக, நீளமாக, ஒற்றை இழை.

"பாக்கெட்டைப் பிரிச்சா உள்ள இருந்து வருது. பெரிய கடை. போன்ல அந்தாள் பேசின பேச்சை நான் உங்ககிட்ட திருப்பிச் சொல்ல மாட்டேன், என் வாய் அழுகிடும். பாக்கெட்டுல இருக்கிற நம்பர் நம்ம மேஜை நம்பர். இவ்வளவு நீளத்துக்கு இங்க யாருக்கு முடி இருக்கு?"

கேட்கவே வேண்டாம். இருப்பவர்களில் பாதிப் பேருக்கு நரை, மீதிப் பேருக்குத் தோளைத் தாண்டாது. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"மேடம், சத்தியமா என்னோடது இல்ல" என்றாள் ஜடை.

"உன்னோடது இல்லாம என்னோடதா? நாளைக்குக் காலையில மேனேஜர் வர்றாரு. யாரோட முடியோ அவங்க வீட்டுக்குப் போகணும். இது இங்க புதுசா போட்ட சட்டம் இல்ல."

ரேடியோ கிட்டத்தில்தான் நின்றாள். கவருக்குள் இருந்த இழையின் நுனியைப் பார்த்தாள். நுனி சுருண்டு, கடுகைவிடச் சின்னதாக ஒரு மணி போல உருண்டிருந்தது.

அந்த மணியை அவள் வீட்டில் பார்த்திருக்கிறாள். கவரின் வாய் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று சூட்டுக் கம்பிக்கு மேல் குனிந்து பார்ப்பதில், விக்கின் முன்பக்க இழைகள் நாலைந்து தொப்பிக்கு வெளியே வந்து சூடு பட்டுச் சுருங்கியிருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் இதே மாதிரி ஒரு மணி. விக்கில் இழையை மடித்துத் தைத்திருப்பார்கள். உருவிக்கொண்டு வந்தால் நீளம் கூடிவிடும். அதனால்தான் ஒருத்தருக்கும் அவள் ஞாபகமே வரவில்லை.

"அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. தெனமும் பக்கத்துல நிக்கிறீங்க. நான் எவ்வளவு இறுக்கிக் கட்டறேன்னு நீங்க பாத்திருக்கீங்கல்ல?"

ரேடியோ வாயைத் திறந்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம், "ஆமா மேடம், இறுக்கித்தான் கட்டுவா" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. சல்லடை போய்விட்டாள். ஜடை அழவில்லை. கவரில் பன்னைப் போட்டுக்கொண்டே இருந்தாள், கணக்குத் தப்பித் தப்பிப் போட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ரேடியோ செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குப் போனாள். அதைத் தலையிலிருந்து எடுத்தாள். ஒரு இழையை உருவினாள். அடுப்பைப் பற்றவைத்து நெருப்பில் காட்டினாள். சரசரவென்று சுருங்கி, நுனியில் மணி உருண்டது. வீட்டுக்காரர் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மூக்கைச் சுளித்தாள்.

"அம்மா, முடி எரிஞ்சா வேற நாத்தம்ல வரும்? இது பிளாஸ்டிக் நாத்தம்."

"ஏய்!" என்றார் அப்பா. குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

"அவளை ஏன் அதட்டுறீங்க? சரியாத்தான சொல்றா" என்றாள் அவள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

வீட்டுக்காரர் அடுப்பை அணைத்தார். நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷனுக்குத்தான் பயம் அதிகம்.

"நீ சொன்னா உன்னை அனுப்பிடுவாங்க. சொல்லாட்டி அந்தப் பொண்ணை அனுப்பிடுவாங்க. நான் என்னத்தம்மா சொல்றது?" என்றார்.

"அவங்க என்னை அனுப்புறது இருக்கட்டுங்க. அத்தனை பேர் முன்னாடி இதைக் கழட்டணும். அதை நெனச்சாத்தான் கை கால் எல்லாம் உதறுது. அவங்க ஒரு அடி பின்னால போவாங்க பாருங்க, உங்க தங்கச்சி போன மாதிரி. அதை நான் திரும்பப் பாக்கணும்."

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

மறுநாள் அவள் என்ன முடிவோடு போனாள் என்று கேட்டால், ஒரு முடிவோடும் போகவில்லை. போகிற வழியெல்லாம் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது, அடுத்த கம்பத்தைத் தாண்டும்போது வேண்டாம் என்று தோன்றியது. மேனேஜர் பஸ்ஸைத் தவறவிட்டு வராமலே போய்விடட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள். மேனேஜருக்குக் கார் இருக்கிறது என்பது பயத்தில் மறந்துவிட்டது.

உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தால், எல்லோருக்கும் முன்னால் ஜடை வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பின்னல் அவிழ்ந்து முதுகு முழுக்கக் கொட்டிக் கிடந்தது. கையில் பாக்கெட் மேஜைக் கத்திரி. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். சல்லடையும் வந்து வாசலில் நின்றாள்.

"மேடம், ஒட்ட வெட்டிக்கறேன். ஆம்பளைப் பையன் மாதிரி வெட்டிக்கறேன். இனிமே எப்பவும் வளக்க மாட்டேன். வேலையை மட்டும் எடுத்துடாதீங்க."

"இன்னைக்கு வெட்டினா நேத்து விழுந்தது இல்லைன்னு ஆயிடுமா?" என்றாள் சல்லடை. ஆனால் குரலில் நேற்றைய காரம் இல்லை.

ஜடை திரும்பிப் பார்த்தாள். ரேடியோவைப் பார்த்ததும் கத்திரியை நீட்டினாள்.

"எனக்குக் கை வரலக்கா. நீங்க வெட்டுங்க. இங்க வேற யார்கிட்டயும் குடுக்க எனக்கு மனசு வரல."

ரேடியோ எப்படியோ கத்திரியை வாங்கிவிட்டாள். இன்னொரு கையில் ஜடை தன் கூந்தலை அள்ளி வைத்தாள். எத்தனை கனம்! சூடாகக்கூட இருந்தது. தன் தலையில் இருந்தபோது இதற்கு ஒரு கனம் உண்டு என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. கத்திரி வாயைத் திறந்தது. அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் வாயிலிருந்து, மாதக்கணக்காக அந்த வீட்டில் இல்லாத சொல் குதித்து வெளியே வந்தது.

"என்னால முடியாதுடி."

"அக்கா..."

"முடியாது. வெட்ட முடியாது. நேத்து வந்தது உன் முடி இல்ல. என் முடியும் இல்ல. அது முடியே இல்ல."

கத்திரியைப் பெஞ்சில் வைத்தாள். தொப்பியை எடுத்தாள். அதற்கடியில் இருந்ததையும் எடுத்தாள். எடுக்கும்போது ஒரு ஹேர்பின் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

தலையில் காற்று பட்டது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு பயம். யாருடைய காலையும் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். ஆனால் கண் கால்களைத்தான் பார்த்தது. சுவரோரம் நின்ற செருப்புகளில் இரண்டு மூன்று பின்னால் போயின. "ஐயோ, இது புழு..." என்று யாரோ ஆரம்பித்து, சல்லடை நிற்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்கள்.

"ஆமா, புழுவெட்டுன்னுதான் சொல்லுவாங்க" என்றாள் ரேடியோ. ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. "ஆனா புழு கிடையாது மேடம். பூச்சி கிடையாது. காவலுக்கு இருக்கிறவங்க வீட்டு ஆளையே திருடன்னு அடிக்கிறாங்களாம், டாக்டர் சொன்னாங்க. ஒட்டாது. என் பொண்ணு என் பக்கத்துலதான் படுக்கறா, அவளுக்கு ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு இருக்கிற முடியில ரெண்டு பேருக்குத் தலை வாரலாம். நான் பயந்துதான் மேடம் இதை மாட்டிக்கிட்டு வந்தேன். கம்பிச் சூட்டுல நுனி உருகி இருக்கு பாருங்க. இதுல இருந்துதான் உருவிக்கிட்டு விழுந்திருக்கு. நேத்தே தெரியும். நேத்து வாய் வரல. அவளை அனுப்பாதீங்க. எனக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

சல்லடை கிட்ட வந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள். கவரிலிருந்த இழையையும் விக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சலிக்காமல் அவள் எதை ஏற்றுக்கொண்டாள், இதை ஏற்றுக்கொள்ள?

"நைலான்" என்றாள் கடைசியில். "முடி விழுந்தாலும் தப்பு, நைலான் விழுந்தாலும் தப்பு. வா என்கூட."

போகிற போக்கில் ரேடியோ ஜடையைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தாள். ஜடை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள்.

"நேத்து ராத்திரி பூரா செத்துச் செத்துப் பொழைச்சேன் நான். அவன் வீட்டுக்குப் போறதுக்குத் துணியெல்லாம் எடுத்து வெச்சேன். நேத்து சொல்லல நீங்க" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையைப் பின்ன ஆரம்பித்தாள்.

சரியான கோபம்.

மேனேஜர் அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் வெறும் தலையோடு, மடியில் விக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார்கள். டிரைவர் ஒருவர் மடியில் இருந்ததைப் பூனை என்று நினைத்து, "ச்சூ" என்று கூப்பிட்டுவிட்டு, உற்றுப் பார்த்து ஓடினார். வேறு நாளாக இருந்தால் அதை வைத்து ஒரு வாரம் ஒலிபரப்பியிருப்பாள். இன்றைக்குச் சிரிப்பே வரவில்லை. வேலை போனதென்றே வைத்துக்கொண்டாள். வீட்டில் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே மேனேஜர் யாரோ டாக்டரோடு போனில் பேசுவது கேட்டது. அப்புறம் முணுமுணுத்தார். "எல்லாம் சரிம்மா, ஆனா அந்தப் பேர் இருக்கே, அது வெளியில தெரிஞ்சா..."

அதற்குச் சல்லடையின் குரல், கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் கேட்கிற குரல். "சார், இந்தக் கட்டடத்துல புழு எங்க இருக்கு, எங்க இல்லைன்னு பாக்கிறது என் வேலை. அந்தத் தலையில இல்ல. நான் பாத்துட்டேன். பேருக்குப் பயந்து வேலை செய்றவளை அனுப்பணும்னா, முதல்ல எனக்கு இவங்க வெச்சிருக்கிற பேருக்கு என்னை அனுப்பணும்."

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தம்மாவுக்குத் தன் பெயர் தெரிந்திருக்கிறது!

வெளியே வந்த சல்லடை சிரிக்கவில்லை. டாக்டர் கையெழுத்தோடு ஒரு சான்று கொண்டுவர வேண்டும். இந்த விக் இனி வாசற்படி தாண்டக்கூடாது. வலைத்தொப்பிக்குப் பதிலாகத் துணித்தொப்பி இன்றைக்கே தரப்படும். மறைத்ததற்கு ஒரு எச்சரிக்கை. இன்னொரு தடவை எதையாவது மறைத்தால் நேரே வீடு. எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, இரண்டடி போய்த் திரும்பி வந்து, குரலை வெகுவாக இறக்கி, "எனக்கும் வகிடு அகலமாயிட்டே வருது. அந்த டாக்டர் எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

அன்று முழுக்க மேஜையில் ஜடை ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோவும் பேசவில்லை. எதிர் மேஜைப் பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கும்போது விரல் படாமல் கொடுத்தாள். இன்னொருத்தி வேண்டுமென்றே பட்டுக் கொடுத்தாள். இரண்டையும் ரேடியோ பார்த்தாள். வேலை போகவில்லை என்பது இன்னும் மனசில் இறங்கவில்லை.

வேலை நேரம் ஓய்ந்து சங்கு ஊதியதும் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. ஃபாக்டரிக்குள் சரி. தெருவில் எப்படிப் போவது? அதை மறுபடி மாட்டிக்கொள்ளப் பையைத் திறந்தாள். ஈரமும் மாவுமாகக் கசங்கிக் கிடந்தது. கை போகவில்லை. வேலை விட்டதும் தொப்பியை வாசலில் இருக்கும் கூடையில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்பது வழக்கம். அதைக் கழற்றாமல் கூடைக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஜடை வந்தாள். கூடையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். தன் வலைத்தொப்பியையும் கழற்றவில்லை. முகம் இன்னும் உம்மென்றுதான் இருந்தது.

"நடங்க" என்றாள்.

"உன் தொப்பி..."

"எனக்குத் தெரியும் என் தலையில என்ன இருக்குன்னு. நடங்க, பஸ் போயிடும்."

இரண்டு பேரும் தலையில் வெள்ளைத் தொப்பியோடு தெருவில் நடந்தார்கள். பழக்கடைக்காரர் தராசைப் பிடித்தபடியே பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் ஒரு குழந்தை, "இவங்க ரெண்டு பேரும் டாக்டராம்மா?" என்று கேட்டது. ரேடியோவுக்குக் காது சிவந்தது. ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அவளால் தாங்க முடிந்ததற்கு ஒரே காரணம், ஒளிந்தால் ஜடை தனியாக அந்தத் தொப்பியோடு நிற்பாளே என்பதுதான்.

"கோபம் போகலல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"போகல. லேசுல போகாது. நாளைக்கும் பேச மாட்டேன்" என்றாள் ஜடை. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "நீங்க பேசுங்க. அந்த டிரைவர் 'ச்சூ'ன்னு கூப்பிட்டாராமே, அது என்ன கதை?"

ரேடியோ சொன்னாள். குரல் முதலில் நடுங்கியது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜடை சிரிக்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் அவள் சிரிப்பது தெரிந்தது.

வீட்டு வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அன்றைக்கு வேலைக்கே போகவில்லை போலிருக்கிறது, சட்டைகூட மாற்றவில்லை. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொப்பியோடு வருகிறவளைப் பார்த்ததும் அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. படியிறங்கி வந்தவர் பதற்றத்தில் எல்லாவற்றையும் மறந்து கேட்டுவிட்டார்.

"என்னம்மா, எல்லாம் முடிஞ்சுதா?"

கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். மகள், 'அப்பா மாட்டிக்கிட்டாரு' என்று பெரிய கண்ணோடு அண்ணாந்து பார்த்தாள்.

அவள் வாசலிலேயே தொப்பியைக் கழற்றினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது, அது அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது.

"முடி போச்சுங்க" என்றாள். "வேலை போகல."

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை, பழக்கமில்லாத அந்தத் தலையில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கும்மா" என்றாள். அம்மா இந்தத் தடவை விலகவில்லை. அப்படியே உள்ளே போனார்கள்.